வெள்ளையின் அமைதி யாருக்கு?

1994 தீபாவளிக்கு, முதல் சம்பளத்தில் அம்மாயிக்கு ஒரு சேலை எடுத்தேன். ஈரோட்டுக் கடையில், 'வயசானவங்களுக்கு, கண்ணை அடிக்காத கலர்' என்று கேட்டு வாங்கிய கைத்தறிச் சேலை. இளநீலத்தில் பொடிக்கட்டம். அம்மாயிக்கு அப்போது அறுபத்தேழு வயது. இருபத்தெட்டு வயதில் கணவரை இழந்தவள். அன்றிலிருந்து வெள்ளையைத் தவிர வேறெதையும் உடுத்தியதில்லை, ரவிக்கை போட்டதில்லை. நான் பெரியாரைப் படித்துவிட்டு ஊருக்கு வந்திருந்த புதிது. முப்பத்தொன்பது வருட அநியாயத்தை ஒரு சேலையால் நேர்செய்துவிடலாம் என்று நம்பினேன்.

அம்மாயி அந்தச் சேலையை வாங்கி, மடிப்புக் கலையாமல் தடவிப் பார்த்தாள். அப்புறம் என் மடியிலேயே வைத்துவிட்டாள். "எனக்கென்னத்துக்கு கண்ணு சாயச் சீலை? இதக் கட்டுனா மனசு அடங்கிக் கெடக்குது. ஒருத்தன் ஏறெடுத்துப் பாக்க மாட்டான். ஒருத்தி ஒன்னுங் கேக்க மாட்டா."

அவள் அழவில்லை, வருத்தமாகச் சொல்லவும் இல்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்து சொல்வதுபோலச் சொன்னாள். அந்தப் பதிலை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஒடுக்குமுறைக்குப் பழகிப்போனவள் சொல்லும் சொல் என்று தள்ளிவிட்டேன். சேலையைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்தேன்.

இப்போது என் வயது ஐம்பத்து மூன்று. மூன்று ஆண்டுகளாக நானும் பெரும்பாலும் வெள்ளைதான் உடுத்துகிறேன். பருத்திச் சேலை, கரை மட்டும் ஏதாவது நிறத்தில். முதலில் வெயிலுக்காகத்தான் தொடங்கியது. சித்திரை வெயிலில் வெள்ளைப் பருத்தியின் அருமை உடுத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்புறம் வெயில் தணிந்த மாதங்களிலும் விட மனமில்லை. காலையில் அலமாரிக்கு முன்னால் நின்று எதற்கு எது பொருந்தும் என்று யோசிக்கும் வேலை போயிற்று. கடைத்தெருவில் நடக்கும்போது என்மேல் வந்து விழும் கண்கள் குறைந்தன. மனசு அடங்கிக் கிடந்தது. அம்மாயி பயன்படுத்திய அதே சொல்லைத் தவிர வேறு சொல் எனக்கும் கிடைக்கவில்லை.

என் அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. "புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப இதென்ன கோலம்?"

என்மேல் திணிக்கப்படாத ஒன்றை நான் உடுத்துகிறேன், அதனால் என் அமைதி மெய்யானது. அம்மாயியுடையது திணிக்கப்பட்டது, அதனால் அவள் அமைதி பொய்யானது. இப்படிச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றனவே. உள்ளிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாத இரண்டு அமைதிகளில் ஒன்றை மட்டும் எப்படிப் பொய் என்பது?

முதலில் நிறத்தைப் பற்றிக் கொஞ்சம். வெள்ளைக்கு மனத்தை ஆற்றும் குணம் இயல்பிலேயே உண்டு என்று பலரும் எழுதுகிறார்கள். தூய்மை, சமாதானம், எளிமை என்று அடுக்குவார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. மருத்துவரின் அறைக்குள் போனவுடன் இரத்த அழுத்தம் ஏறிவிடுகிறவர்கள் உண்டு. வீட்டில் அளந்தால் சரியாக இருக்கும். மருத்துவம் அதற்கு வெள்ளைக் கோட்டின் பெயரையே வைத்திருக்கிறது. அறுவை அரங்குகளில் ஒரு காலத்தில் வெள்ளைதான் இருந்தது. விளக்கொளியில் கண் கூசிச் சோர்ந்துபோவதால் பச்சைக்கும் நீலத்துக்கும் மாறினார்கள். ஒரே நிறம் ஒருவரைத் தேற்றுகிறது, ஒருவரைப் பதறவைக்கிறது, இன்னொருவரின் கண்ணைக் கெடுக்கிறது.

மங்கலம், அமங்கலம் என்பதும் அப்படித்தான். ஈரோட்டிலிருந்து ரயிலேறினால் மூன்று மணி நேரத்தில் பாலக்காடு. அங்கே கசவுக்கரை போட்ட வெளிர்ந்த முண்டுதான் ஓணத்துக்கும் கல்யாணத்துக்கும். கணவாய்க்கு இந்தப் பக்கம் இழவு, அந்தப் பக்கம் திருவிழா. நம் ஊரிலேயே தேவாலயத்தில் கல்யாணப் பெண் வெள்ளைச் சேலையில் வருகிறாள். 1840இல் விக்டோரியா அரசி வெள்ளையில் மணமுடித்ததிலிருந்து பெருகிய வழக்கம் அது. அந்த அம்மையாரே கணவர் இறந்த பிறகு நாற்பது ஆண்டுகள் கறுப்பைக் கழற்றவில்லை என்பது வேறு கதை. நம் ஆண்களை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை என்றால் பெரிய மனுசன். கஞ்சி போட்டு விறைத்த வெள்ளையில் ஒருவர் காரிலிருந்து இறங்கினால் நாற்காலியைத் துடைத்துப் போடுகிறோம். அவருடைய அம்மா அதே வெள்ளையில் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று நின்றுவிட்டுப் போகிறோம்.

அம்மாயி வீட்டுத் திண்ணைச் சுவரில் வள்ளலார் படம் ஒன்று மாட்டியிருந்தது. உடம்பு முழுக்க வெள்ளை. தலையையும் சேர்த்து மூடிய வெள்ளை. அதன் கீழே அம்மாயி உட்கார்ந்திருப்பாள். அவளுக்கும் அதே போலத் தலையை மூடிய முக்காடு. சின்ன வயதில் இருவரும் உறவினர் என்றே நினைத்திருந்தேன். துறவிகள் காவி உடுத்திய நாட்டில் இராமலிங்கர் வெள்ளையைத் தேர்ந்துகொண்டார். அது அவருக்கு ஞானத்தின் உடை. அம்மாயிக்கு அதுவே கைம்மையின் உடை. அந்த மனிதரே கணவன் இறந்தால் மனைவியின் தாலியை வாங்க வேண்டாம் என்றும், மனைவி இறந்தால் கணவன் மறுமணம் செய்ய வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சொன்னது. படத்தை மாட்டி வைத்தவர்கள் அதைப் படிக்கவில்லை.

தொல்காப்பியம் கணவனை இழந்தவளின் நிலைக்குத் தாபத நிலை என்று பெயர் சொல்கிறது. தாபதர் என்றால் தவம் செய்வோர். மனைவியை இழந்தவனுக்கும் தபுதார நிலை என்று ஒரு பெயர் உண்டு. ஆனால் அந்தச் சொல் ஏட்டிலேயே தங்கிவிட்டது. தெருவில் யாரும் எந்த ஆணையும் அப்படிக் கூப்பிட்டுக் கேட்டதில்லை. இழப்பைத் தவம் என்று பெயர் மாற்றியது யாருடைய வசதிக்காக என்று கேட்க வேண்டும். தவம் என்றால் அவளே விரும்பி ஏற்றது ஆகிவிடுகிறது. தவம் செய்பவளுக்குச் சோறு குறைத்துப் போடலாம், பாய் கொடுக்காமல் இருக்கலாம். அமைதியாக இருக்கிறாள் என்று மெச்சவும் செய்யலாம்.

அந்த அமைதியை எவ்வளவு தூரம் நம்புவது என்பதற்கு அமர்த்திய சென் திரும்பத் திரும்பச் சுட்டும் ஒரு கணக்கெடுப்பு இருக்கிறது. வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டு, 1944இல், கல்கத்தாவுக்கு அருகே எடுத்தது. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். மனைவியை இழந்த ஆண்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் சுகமில்லை என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் மிகச் சிலர். விதவைகள் ஆண்களைவிட ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று யாராவது நம்ப முடியுமா? தமக்கென்று ஒரு சுகம் இருக்கலாம் என்று எதிர்பார்ப்பதையே விட்டவர்கள், இல்லாததைக் குறையாகச் சொல்வதில்லை. குறையில்லை என்ற பதிலை வைத்து நியாயத்தை அளக்கக் கூடாது என்பது சென்னின் வாதம்.

இதைப் படித்தபோது அம்மாயியின் பதிலுக்கு விளக்கம் கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். பல ஆண்டுகள் வகுப்பறைகளிலும் இப்படித்தான் பேசினேன். இப்போது அதில் ஓர் இடம் உறுத்துகிறது. அம்மாயி 'எனக்குக் குறையில்லை' என்று சொல்லவில்லை. என்ன கிடைத்தது என்று எண்ணிச் சொன்னாள். பார்க்க மாட்டார்கள், கேட்க மாட்டார்கள். அவள் கணக்கு மிகத் துல்லியம்.

அவள் வாழ்க்கையை நினைத்துப் பார்க்கிறேன். இருபத்தெட்டு வயதில் இரண்டு குழந்தைகள், நாலு ஏக்கர் தோட்டம், ஒரு கிணறு. பங்காளிகள் சுற்றிலும் இருந்தார்கள். வெள்ளை கட்டியபின் தோட்டத்துக்குத் தனியாகப் போனாள், வந்தாள். சந்தையில் மாடு பிடித்தாள். இரவில் திண்ணையில் தனியாகப் படுத்தாள். கல்யாணத்துக்குப் போக வேண்டாம், சீருக்கு நிற்க வேண்டாம், யாருக்கும் பிள்ளை பெற்றுத் தர வேண்டாம். அவள் வயதுப் பெண்களில், கணவர் உயிரோடிருந்தவர்களுக்கு இதில் எதுவும் வாய்க்கவில்லை. என் பெரிய பாட்டிக்குப் பதினோரு பேறு. அவருடைய பட்டுச் சேலைகளைப் பார்த்து அம்மாயி ஒருநாளும் பெருமூச்சு விட்டதில்லை என்று அம்மா சொல்வாள். நான் அதை நம்புகிறேன்.

ஆக, வெள்ளையில் அம்மாயி கண்ட அமைதி நிறத்திலிருந்து வந்ததல்ல. தன்னைவிட்டு ஊர் விலகிக்கொண்டதிலிருந்து வந்தது. ஒரு பெண்ணைச் சும்மா விட்டுவிட ஊர் கேட்ட விலை ஓர் ஆணின் சாவும், அவளுடைய எஞ்சிய இளமையும். அந்த விலையைக் கொடுத்தவள் பொருளை அனுபவித்தாள் என்பதற்காக விலை நியாயமாகிவிடாது. விலை அநியாயம் என்பதற்காக அவள் அனுபவித்தது பொய்யாகியும் விடாது. இந்த இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவதுதான் நாங்கள் இளமையில் செய்த தவறு.

விலையில் இன்னும் ஒன்று இருக்கிறது, நிலம். 1856ஆம் ஆண்டின் விதவை மறுமணச் சட்டத்தை நாம் விடுதலை என்று பள்ளியில் படித்தோம். மறுமணம் செய்துகொண்டால் இறந்த கணவனின் சொத்தில் அவளுக்குள்ள உரிமை போய்விடும், அவளே இறந்துவிட்டதைப் போல என்று அதே சட்டத்தின் இரண்டாவது பிரிவு சொல்வதைப் பள்ளியில் சொல்லித்தரவில்லை. வெள்ளைச் சேலை ஒரு வகையில் பட்டா. அதைக் கட்டியிருக்கும்வரை தோட்டம் கைவசம். கழற்றினால் தோட்டம் பங்காளிக்கு. 1956இல் வாரிசுரிமைச் சட்டம் வந்து, பெண் தன் கையிலிருக்கும் சொத்துக்கு முழு உரிமையாளர் என்று ஆக்கியது. அதற்குள் அம்மாயிக்கு வெள்ளை பழகிவிட்டது. ஊருக்கும் பழகிவிட்டது.

நிலம் இல்லாத சாதிகளில் பெண்கள் தாலியை அறுத்துவிட்டு வேறொருவரைக் கட்டிக்கொண்டார்கள். 'அறுத்துக் கட்டுற சாதி' என்பது எங்கள் பக்கத்தில் ஒரு வசவு. வெள்ளைச் சேலை துக்கத்தின் அடையாளம் மட்டுமல்ல, நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்ற அறிவிப்பும்கூட. கொஞ்சம் வசதி வந்த குடும்பங்கள் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, தங்கள் விதவைகளை வெள்ளைக்குள் உட்கார வைத்தது.

அந்த அறிவிப்பை வெளுத்துக் கொடுத்தவர் ஒருவர் இருந்தார். வாரம் ஒருமுறை அம்மாயியின் அழுக்கை மூட்டையாகக் கட்டி எடுத்துப் போவார். குழந்தைகளான நாங்கள் அவரைப் பேர் சொல்லி, வா போ என்றுதான் கூப்பிட்டோம். 'அவர்' என்று எழுதவே எனக்கு இத்தனை வருடம் பிடித்திருக்கிறது. உவர்மண்ணில் ஊறவைத்து, வெள்ளாவி வைத்து, இரவெல்லாம் அடுப்பெரித்து, விடிந்ததும் வாய்க்கால் கல்லில் அடித்து, காயவைத்துக் கொண்டுவருவார். எங்கள் வீட்டுத் தீட்டுத் துணியும் பிள்ளைப்பேற்றுத் துணியும் அதே கைகளில்தான் போய் வந்தன. அவருடைய முதல் கணவர் இறந்தபின் இன்னொருவரோடு வாழ்ந்தார். வீடுகளில் கொடுக்கும் பழஞ்சேலைகளைக் கட்டியிருப்பார். சிவப்போ பச்சையோ, கிடைத்தது. அவருக்கு வெள்ளை கட்டச் சொல்லி ஊரில் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வெளுப்பது மட்டும்தான் கட்டாயம். இரவு அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்த அவருக்கு வெள்ளை என்னவாகத் தோன்றியிருக்கும்? நான் நீலச் சேலை எடுத்த அதே 1994இல்தான் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தது. அதில் வரும் ஆரோக்கியத்தைப் படித்தபோது என் கோபம் எவ்வளவு சின்ன வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. எங்கள் வீட்டுப் பெண்களின் நிறமிழப்புக்கு அழுதேன். அந்த நிறமின்மைக்குப் பின்னாலிருந்த உழைப்பு கண்ணில் படவில்லை.

வெள்ளை நிறமற்றது என்பதே பொய். பஞ்சு முழு வெள்ளையில்லை. தறியிலிருந்து இறங்கும் காடாத்துணி பழுப்பேறியிருக்கும். அதைப் பெராக்சைடிலோ பிளீச்சிங் பவுடரிலோ வெளுத்து, கண்ணுக்குத் தெரியாத ஒளியை வாங்கி நீலமாகத் திருப்பித் தரும் ஒரு வேதிப்பொருளை ஏற்றினால்தான் கடையில் நாம் பார்க்கும் பளிச்சென்ற வெள்ளை. வீட்டில் சொட்டு நீலம் போடுவதும் அதே கண்கட்டுதான். திருப்பூரின் சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் நொய்யலுக்குள் விட்ட தண்ணீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழேயிருந்த வயல்களைக் கெடுத்தது. 2011இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போயிற்று. எளிமை என்று நான் உடுத்தியிருக்கும் துணிக்கு இவ்வளவு செலவு. இதைத் தெரிந்துகொண்டேதான் உடுத்துகிறேன். பெருமையாகச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் வெள்ளைக்கு மாறியது மாதவிலக்கு நின்ற பிறகுதான். அதற்கு முன் வெயில் குறைவாக இருந்ததா என்ன? பள்ளியில் வெள்ளிக்கிழமைகளில் வெள்ளைச் சீருடை. எங்களுக்கு அந்தக் கிழமை வந்தாலே வயிற்றில் புளி கரைக்கும். மணி அடித்து எழுந்தவுடன் ஒருத்தி இன்னொருத்தியிடம், 'பின்னால பாரு' என்பாள். அந்த இரண்டு சொற்கள் இல்லாமல் எந்த வகுப்பும் முடிந்ததில்லை. செவிலியர் படிப்புக்குப் போன தோழி, இரவுப் பணியில் வெள்ளையோடு பன்னிரண்டு மணி நேரம் நின்றதை இன்னும் கனவில் காண்பதாகச் சொல்கிறாள். இலங்கையில் அரசுப் பள்ளி மாணவியர் எல்லோருக்கும் எல்லா நாளும் வெள்ளைதான். உலகின் புகழ்பெற்ற டென்னிஸ் மைதானமான விம்பிள்டனில்கூட, பெண்கள் அடர்நிற உள்கால்சட்டை போட்டுக்கொள்ளலாம் என்று 2023இல்தான் விட்டுக்கொடுத்தார்கள். அதுவரை, பட்டம் வாங்கப் போகிறவள் மனதின் ஒரு மூலை பந்தைப் பார்க்காமல் பாவாடையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வெள்ளை மனத்தை ஆற்றும் என்று எழுதுகிறவர்கள் இந்தப் பதற்றத்தை அறியாதவர்கள். பூப்பெய்தாத சிறுமிக்கும், உதிரம் நின்ற கிழவிக்கும், ஆண்களுக்கும்தான் வெள்ளை நிம்மதியான உடை. நடுவில் இருபத்தெட்டு வயதில் வெள்ளைக்குள் வைக்கப்பட்ட என் அம்மாயி மாதாமாதம் அதை எப்படிச் சமாளித்தாள்? ஒருபோதும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். நானோ சேலை வாங்கிக் கொடுத்தேன்.

வெள்ளையின் விலக்கத்தைத் தாமாகவே எடுத்துக்கொண்ட பெண்களும் உண்டு. என்னோடு வேலை பார்த்த ஒருத்தி, இருபத்தாறு வயதில், நிச்சயம் நடக்க வேண்டிய வாரத்தில் பிரம்மா குமாரிகளோடு போய்ச் சேர்ந்தாள். வீட்டில் இழவு விழுந்தது போல ஒப்பாரி. 'உசுரோட வெள்ளை கட்டிட்டாளே' என்று அவள் அம்மா மார்பில் அடித்துக்கொண்டார். அந்த இயக்கத்தின் போதனைகளில் எனக்கு ஈடுபாடில்லை. ஆனால் அதன் தொடக்கம் பெண்கள் படிக்க வேண்டிய கதை. 1930களில் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில், லேக்ராஜ் கிருபளானி என்ற வைர வியாபாரியைச் சுற்றி ஓம் மண்டலி என்று கூடியவர்களில் பெரும்பாலோர் வணிகக் குடும்பத்துப் பெண்கள். கணவர்கள் மாதக்கணக்கில் வெளிநாடுகளில் வியாபாரம் செய்துவிட்டுத் திரும்பினால், மனைவியர் பிரம்மச்சரியம் என்கிறார்கள். ஊர் கொதித்தது. எதிர்ப்புக் குழு அமைத்து மறியல் செய்தார்கள், நீதிமன்றத்துக்குப் போனார்கள். இயக்கம் கராச்சிக்கு நகர்ந்து, 1950இல் மவுண்ட் அபுவுக்கு வந்தது. கணவன் செத்தால் பிரம்மச்சரியம் தவம். கணவன் இருக்கும்போது அவளாகக் கேட்டால் அது குடும்பத்தைக் கெடுக்கும் சதி. இரண்டுக்கும் உடுத்தும் துணி ஒன்றுதான். என் தோழி இன்று ஒரு மையத்தை நடத்துகிறாள். பார்க்கப் போனால் சிரித்த முகமாக இருக்கிறாள். எத்தனை கேட்டாலும் திருமணம் ஏன் வேண்டாமென்று மட்டும் சொல்வதில்லை.

அமைதி என்ற சொல்லை ஒதுக்கமாக மட்டுமே புரிந்துகொள்ளவும் வேண்டியதில்லை. 2003இல் லைபீரியாவின் உள்நாட்டுப் போரின்போது, லேமா போவீயும் அவரோடு சேர்ந்த கிறிஸ்தவ, முஸ்லிம் பெண்களும் வெள்ளை உடுத்தி, நகைகளைக் கழற்றிவிட்டு, மன்ரோவியாவின் மீன் சந்தைக்குப் பக்கத்து மைதானத்தில் வெயிலிலும் மழையிலும் நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். அதிபரின் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகவே அந்த இடம். அக்ராவில் நடந்த பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனபோது, உடன்பாடு இல்லாமல் யாரும் வெளியே வரக் கூடாது என்று அரங்கின் வாசலை மறித்தார்கள். கைது செய்யக் காவலர்கள் வந்ததும் போவீ தன் உடையை அவிழ்க்கத் தொடங்கினார். தாய் வயதுப் பெண்ணின் நிர்வாணத்தைக் காண்பது சாபம் என்று கருதும் சமூகம் அது. காவலர்கள் பின்வாங்கினார்கள். ஆகஸ்டில் உடன்பாடு கையெழுத்தானது. அந்த வெள்ளைக்கு எங்கள் வெள்ளையின் குணம் ஒன்றுகூட இல்லை. அது ஊரின் பார்வையிலிருந்து ஒளிந்துகொள்ளவில்லை, பார்க்கச் சொல்லி மறித்தது. அதை உடுத்தியவர்களின் மனம் அடங்கியும் கிடக்கவில்லை.

இதையெல்லாம் யோசிக்கும்போது என் வெள்ளையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் வெட்கமும் வருகிறது. பார்க்கப்படாமல் இருப்பதில் எனக்கு இவ்வளவு நிம்மதி என்றால், பார்க்கப்பட்டு நடந்த முப்பத்தைந்து ஆண்டுகள் எப்படிப்பட்டவை? அந்தப் பார்வையை மாற்றாமல் நான் அதிலிருந்து தப்பித்திருக்கிறேன். என் மகள் அதே கடைத்தெருவில் மஞ்சள் சுடிதாரில் நடக்கிறாள்.

அப்பா 2017இல் இறந்தார். கருமாதியன்று மாமா கொண்டுவந்த பிறந்த வீட்டுக் கோடி வெளிர்பச்சை. வெள்ளை கூடாது என்று நானும் தம்பியும் முன்கூட்டியே சொல்லிவிட்டோம். கிழவிகள் முணுமுணுத்தார்கள், அதோடு சரி. வென்றுவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அம்மா இப்போது எல்லா நிறமும் உடுத்துகிறாள். பொட்டு மட்டும் சின்னதாக, கறுப்பில். தம்பி வீட்டில் இருக்கிறாள். ஐந்து மணிக்கு எழுந்து பேரனுக்கு டிபன் பாக்ஸ் கட்டுகிறாள். பால், கேஸ், கூரியர் என்று யார் மணியடித்தாலும் அவள்தான் கதவைத் திறக்கிறாள். இரவு எல்லோரும் டிவி பார்த்து முடித்தபிறகு அதே கூடத்தில் படுக்கிறாள். அம்மாயிக்கு இருந்த திண்ணை அம்மாவுக்கு இல்லை. அம்மாயியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அம்மாவிடம் எல்லோரும் எல்லாம் கேட்கிறார்கள். நிறத்தை வாங்கிக் கொடுத்த நாங்கள் வேறு எதைப் பிடுங்கிக்கொண்டோம் என்று அப்போது யோசிக்கவில்லை. வெள்ளை இருந்திருக்கலாம் என்று சொல்ல வரவில்லை. திண்ணைக்காக யாரும் சாக வேண்டியதில்லை என்றுதான் சொல்கிறேன். ஓர் அறை, ஒரு கதவு, பேரில் கொஞ்சம் பணம். இவற்றை நாங்கள் கோடியோடு சேர்த்துக் கேட்டிருக்கலாம்.

போன வைகாசியில் ஒரு கல்யாணத்துக்கு நானும் அம்மாவும் சேர்ந்து போனோம். நான் வெள்ளை, கருநீலக் கரை. அம்மா அரக்கு நிறத்தில் பட்டு. மண்டப வாசலில் சந்தனம், குங்குமம், கற்கண்டோடு நின்ற பெண்ணுக்குப் பதினேழு வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் அவள் கை தயங்கிவிட்டது. தட்டைச் சட்டென்று அம்மா பக்கம் திருப்பினாள். அம்மா விதவை என்றோ, எனக்குக் கணவர் இருக்கிறார் என்றோ அவளுக்கு எப்படித் தெரியும்?

அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். எட்டு வருடமாக யாரும் அவள் முன்னால் குங்குமத் தட்டை நீட்டியதில்லை. என்ன நினைத்தாளோ, கை நீண்டு ஒரு சிட்டிகை எடுத்துவிட்டது. எடுத்த பிறகுதான் சுதாரித்தாள். "அவளுக்குக் குடு கண்ணு. அவ ஊட்டுக்காரரு இருக்கறாரு," என்றாள். பெண் விழித்தாள். நான் கொஞ்சம் கற்கண்டு எடுத்துக்கொண்டு நகர்ந்தேன்.

உள்ளே நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அம்மா விரல்களைப் பிரிக்கவில்லை. நெற்றியில் வைக்கவும் முடியாது, கீழே போடவும் கூடாது. கெட்டிமேளம் கொட்டியபோது எல்லோரும் அட்சதை எடுக்க எழுந்தார்கள். அந்த நெரிசலில் அம்மா என் முந்தானையை இழுத்து அதில் விரல்களைத் துடைத்துக்கொண்டாள். "சோப்புப் போட்டாப் போயிரும்," என்றாள், மேடையைப் பார்த்தபடியே.

சோப்புப் போட்டேன். மஞ்சள் கலந்த குங்குமம், இன்னும் சிவந்துவிட்டது. வெயிலில் போட்டால் வெளுக்கும் என்கிறார் தெருமுனையில் இஸ்திரி போடும் அக்கா. மொட்டைமாடியில் காயப்போட்டிருக்கிறேன்.